நேற்று என்ன செய்தீர்கள்?

விசா அதிகாரியாக நடிப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் அலுவலகம் மதுரையிலிருந்து பரவை காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற திண்டுக்கல் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. என் அறைக்கும் ஊழியர்கள் உட்காரும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. தினமும் சாயங்காலம் நான் உள்ளே உட்கார்ந்துகொள்வேன். என் பார்ட்னர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பேன். அவன் தடுமாறினால் "ரிஜெக்டட்" என்று கத்தி, கையை வீசி, அடுத்த ஆளைக் கூப்பிடுவதுபோல் அவனுக்குப் பின்னால் பார்ப்பேன். கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். காது மட்டும் சிவந்திருக்கும்.

என் வீட்டில் எல்லாரும் டீச்சர்கள். அம்மா மிஷன் பள்ளியில் முப்பது வருடம் ஆங்கிலம் எடுத்தவர். சாப்பாட்டு மேஜையில் தப்பாக ஒரு வாக்கியம் பேசினால் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் திருத்துவார்கள். அப்படி வளர்ந்தவன் இன்னொருவனைத் திருத்துகிற வாய்ப்பு கிடைத்தால் விடுவானா? அவனுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவன் திணறுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அவன் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை அண்ணே என்பான். பரவைக்கு மேற்கே உள்ள கிராமத்தில் விவசாயக் குடும்பம். அவன் அப்பா கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவார். கமிஷன் கடையில் மூட்டையை இறக்கிவிட்டு, என்ன எடை, என்ன விலை என்று எழுதிய சீட்டுக்காகப் பாதி நாள் குத்தவைத்துக் காத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் அவன் அந்த மென்பொருளை எழுதினான். தராசில் மூட்டை ஏறியதுமே எடை விவசாயியின் போனுக்கு வந்துவிடும். ஏலம் முடிந்ததும் விலையும் வந்துவிடும். ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. அவன் எழுதினான், நான் பேசினேன். பேசுகிறவனைத்தான் உலகம் முதலாளி என்று நினைக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர் ஒருவர் எங்கள் கம்பெனியில் பணம் போட்டார். அங்கேயும் மொத்தக் காய்கறிச் சந்தைகள் உண்டு, அங்கே ஒரு கிளை தொடங்குங்கள், நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள் என்றார். விசா வேலைக்கு அங்கே ஒரு வக்கீல் அம்மாவையும் ஏற்பாடு செய்தார். அந்த அம்மா வீடியோவில் வந்து மிகத் தெளிவாகச் சொன்னார். ஒரு கம்பெனி தன் ஆளையே தன் அமெரிக்கக் கிளைக்கு அனுப்ப இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேனேஜராக அனுப்புவது. இன்னொன்று, வேறு யாருக்கும் தெரியாத ஒரு வேலை தெரிந்தவர் என்று, ஸ்பெஷலிஸ்டாக அனுப்புவது.

"மென்பொருளை எழுதினது யார்?" என்று கேட்டார்.

"இவன்தான்" என்றேன்.

"அப்ப இவருக்கு ரெண்டாவது வழிதான். யோசிக்கவே வேணாம்."

யோசித்தோம். யோசித்ததுதான் தப்பு. அவனுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் அமெரிக்காவில் சொந்த வேலை விசாவில் இருந்தாள். பெண்ணின் அப்பா திருப்பரங்குன்றத்தில் இருந்தார். பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், அவனுக்குத் தூரத்து மாமா முறை. அவளைக் கட்டிக்கொண்டால் அவள் விசாவை ஒட்டியே அவனும் போகலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"பொண்டாட்டி விசாவுல தொத்திக்கிட்டுப் போற மாப்ள எங்களுக்கு வேணாம் தம்பி" என்று என்னிடமே சொன்னார். "ஊருக்குள்ள என்னன்னு சொல்றது? அவரு சொந்தமா விசா வாங்கட்டும். அப்புறம் தேதி குறிப்போம்."

சரி, சொந்த விசா என்றால் எந்த விசா? வக்கீல் சொன்னதை அவரிடம் சொன்னோம். ஸ்பெஷலிஸ்ட் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"பத்திரிகையில ஸ்பெஷலிஸ்ட்டுன்னு போட்டா என்னா ஸ்பெஷலிஸ்ட், கண்ணா காதான்னு கேப்பாங்க. மேனேஜர்னு போட்டா எல்லாருக்கும் புரியும்ல?"

கேட்டபோது நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு வசதியாகவும் இருந்தது. மேனேஜர் விசாவில் அதிக வருடம் தங்கலாம், கிரீன் கார்டும் சுலபம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதோடு, அவன் ஸ்பெஷலிஸ்டாகவும் நான் மேனேஜராகவும் போனால், 'வேறு யாருக்கும் தெரியாத வேலை தெரிந்தவர்' என்று அவனைப் பற்றி நானே கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு பேருமே மேனேஜராகப் போகிறோம் என்று வக்கீலுக்குச் சொன்னேன். அப்படியானால், புதிய கிளை என்பதால் இங்கேயும் ஒரு வருடமாவது அவன் மேனேஜராகவே வேலை பார்த்திருக்க வேண்டும் என்றார் அவர். பெயருக்கு அல்ல, உண்மையாகவே.

ஒரு கல்யாணப் பத்திரிகையில் ஒரு வார்த்தை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக விசாவின் வகையையே மாற்றியவர்கள் மதுரையில் நாங்கள் மட்டுமாக இருக்க மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நாளே அவன் மேஜையில் இருந்த கீபோர்டைப் பிடுங்கினேன். பழைய கீபோர்டு, எழுத்தெல்லாம் தேய்ந்து போனது, கல்லூரியிலிருந்து வைத்திருந்தான். அதை என் அறை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். மென்பொருளுக்குள் போகிற அவன் அனுமதியையும் எடுத்துவிட்டேன். மெயில் பார்ப்பதற்கு மட்டும் ஒரு புது லேப்டாப் கொடுத்தேன். அவன் எழுதியதைக் கவனித்துக்கொள்ள ஆட்களைச் சேர்த்தோம். அவர்கள் எல்லாரும் அவனுக்குக் கீழே வேலை செய்பவர்கள் என்று ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டினோம்.

அவனுக்கு மேனேஜராக இருக்கத் தெரியவில்லை. யாரையாவது ஒரு வேலை செய்யச் சொல்ல வேண்டும் என்றால் அவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, சோலி அதிகமா? நான் வேணா பாக்கட்டா?" என்பான். வயதில் பெரியவர் ஒருவர் வேலைக்கு இருந்தார். அவர் நின்றுகொண்டிருந்தால் இவனும் எழுந்து நிற்பான். டீ வந்தால் தட்டைத் தானே வாங்கி எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக எடுத்துக்கொள்வான். ஒருநாள் கூடத்தில் எல்லார் முன்னாலும் அந்தத் தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நீ வேலை செய்யக் கூடாதுடா. செய்ய வைக்கணும். எம்புட்டு தடவ சொல்றது?"

"ஒரே ஒரு வரி தப்பா இருக்குண்ணே. அதமட்டும் திருத்திட்டு வாரேனே" என்று சில நாள் கெஞ்சுவான். யாராவது தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று பார்ப்பான், விரல் தானாகத் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். நான் கண்ணாடியைத் தட்டினால் நகர்ந்துவிடுவான். அவன் அந்த வருடத்தில் இளைத்துப் போனான். கல்யாணக் கவலை என்று அவன் அம்மா சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

சாயங்காலப் பயிற்சியில் ஒரு கேள்வியில்தான் அவன் எப்போதும் மாட்டுவான். மென்பொருளை எழுதியது யார்? "மை டீம் ரோட் இட். ஐ சூப்பர்வைஸ்ட்." இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல அவனுக்கு நாக்கு வராது. வேறு எந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பான். இதைச் சொல்லும்போது மட்டும் கண் கீழே போகும். கண்ணைப் பார்த்துச் சொல்லுடா என்று நூறு தடவையாவது சொல்ல வைத்திருப்பேன். கடைசியில் ஒருநாள் சட்டென்று, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னான். நான் கைதட்டினேன். அவன் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

இரண்டு பேருடைய மனுக்களும் அங்கே ஏற்கப்பட்டன. மிச்சம் இருந்தது சென்னையில் தூதரக நேர்காணல் மட்டும்தான். அவனுக்கு முதலில் தேதி கிடைத்தது, எனக்கு அதிலிருந்து மூன்று வாரம் கழித்து. நேர்காணலுக்கு முன்பே கைரேகை வைக்க வேண்டும், அதற்கு முந்தின நாள்தான் அவனுக்குக் கிடைத்தது என்பதால் அவன் ஒருநாள் முன்னதாகவே சென்னை போய் ஒரு லாட்ஜில் தங்கினான்.

அன்றைக்குப் பார்த்து மார்க்கெட்டில் எல்லாம் நின்றுபோயிற்று. தராசில் மூட்டை ஏறுகிறது, எடை யாருக்கும் போகவில்லை. தக்காளி லாரிகள் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. கமிஷன் கடைக்காரர்கள் என் போனில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். எங்கள் பன்னிரண்டு பேரும் காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு மணிக்கு நான் சென்னைக்குப் போன் போட்டேன். அவன் அப்போதுதான் ரேகை வைத்துவிட்டு வந்து லாட்ஜில் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தான்.

"மாப்ள, உன்னால மட்டுந்தாண்டா முடியும்" என்றேன்.

இந்த வாக்கியத்தை ஒரு வருடமாக அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அனுமதிய மட்டும் திருப்பிக் குடுங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றான். நான் எடுத்ததை நானே திருப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணி வரை சாப்பிடாமல் உட்கார்ந்து சரிசெய்தான். முடிந்ததும் போனில் பேசினான். அவன் குரல் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. "அம்புட்டும் ஓடுதுண்ணே! சின்ன விஷயந்தான், ஆனா எங்க ஒளிஞ்சிருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தான். சரி சரி, தூங்கு, நாளைக்கு நேர்காணல் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி நன்றாகச் சிரித்தபடி பேசினாராம். மென்பொருளை எழுதியது யார் என்று அவர் கேட்கவே இல்லை. உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னான். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார், சொன்னான். கடைசியில், பேச்சுக்குக் கேட்பதுபோல், ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்.

"நேற்று என்ன செய்தீர்கள்?"

நான் கேட்ட அத்தனை கேள்விகளில் இது இல்லை. அவன் உண்மையைச் சொன்னான். நேற்று சிஸ்டம் நின்றுவிட்டது, ஏழு மணி நேரம் உட்கார்ந்து நானே சரிசெய்தேன் என்றான். உங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே என்று அவர் கேட்டார். அவர்களால் முடியவில்லை, எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்றான். சந்தோஷமாகச் சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எதையோ தட்டச்சு செய்தார். நீங்கள் மேனேஜராக வேலை பார்ப்பதாகத் தெரியவில்லை, உங்கள் மனுவைத் திருப்பி அனுப்புகிறோம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

வெளியே வந்து ஒரு டீக்கடை வாசலில் நின்று எனக்குப் போன் செய்தான். நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வருசம் பூராச் சொல்லிக் குடுத்தேனே, ஒரு நாள் வாய மூட முடியலையாடா என்றேன். உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாய் என்றேன். முந்தின நாள் அவனுக்குப் போன் போட்டது நான்தான் என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "தப்புத்தாண்ணே" என்று மட்டும் சொன்னான். அலுவலகத்தில் எல்லாரிடமும் அவனுக்குப் பேசத் தெரியவில்லை என்றேன். மார்க்கெட்டைச் சரிசெய்தது யார் என்று அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை, சம்பளம் தருகிறவன் நான்.

எனக்கு நேர்காணல் தேதி நெருங்கியது. கைரேகை வைப்பதை முந்தின வாரமே முடித்திருந்தேன். நேர்காணலுக்கு முந்தின நாள் காலையில் பெண்ணின் அப்பா எங்கள் இரண்டு பேரையும் திருப்பரங்குன்றத்துக்கு வரச் சொன்னார். அவன் அப்பாவும் வந்திருந்தார், மார்க்கெட்டிலிருந்து நேராக, சட்டையில் மண்ணோடு. ஆளுக்கு ஒரு காபி வந்தது. பெண் அமெரிக்காவிலிருந்து போனில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயில் வைத்திருந்தார்கள்.

அவள் சண்டைதான் போட்டாள். "என் விசாவுல வரட்டும்ப்பா, எனக்கு ஒண்ணும் அசிங்கமில்ல" என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அங்கே போய் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்றார். "சும்மா எதுக்குப்பா உக்காரணும்? அம்புட்டையும் எழுதுனது அவருதான். ஒத்த ஆளா எழுதிருக்காரு. அப்பிடி எழுதுறவர எந்தக் கம்பெனியும் கூப்பிட்டு வேல குடுக்கும், விசாவும் வாங்கித் தரும். மேனேஜர் வேல போனாப் போகட்டும்" என்றாள்.

அவர் முதல்முறையாக யோசிக்கிற மாதிரி தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. டீச்சர் வீட்டுப் பிள்ளை. நீங்க சொல்லுங்க. இவருதான் எழுதுனாரா?"

அவனுக்கு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பதில்தான். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆனால் அவன் எழுதுவதில்லை, டீம்தான் எழுதுகிறது என்று நான் கையெழுத்துப் போட்ட கடிதங்கள் தூதரகத்தில் இருந்தன. மறுநாள் காலை அதே கண்ணாடிக்கு முன்னால் நான் நிற்க வேண்டும். பெண்ணின் அப்பா ஊரெல்லாம் பேசுகிற ஆள், பேங்க் சினேகிதர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஒரு வார்த்தை எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? இதெல்லாம் நான் பிறகு எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நிமிடத்தில் நான் பயந்தேன், அவ்வளவுதான்.

"இல்லைங்கய்யா. டீம்தான் எழுதுச்சு" என்றேன்.

போனில் அவள் குரல் உயர்ந்தது. "அண்ணே! நீங்களே இப்பிடிச் சொன்னா எப்படி? ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அவனைக் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நாளைக்கு எனக்கு நேர்காணல் என்று அவனுக்குத் தெரியும். பிறகு அவள் அப்பாவின் கண்ணைப் பார்த்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னான்.

"ஆமா மாமா. டீம்தான் எழுதுச்சு. நான் மேல்பார்வைதான் பாத்தேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். மேலே பேச ஒன்றும் இல்லை. அவன் அப்பா காபியைக் குடிக்காமலே எழுந்து, "வாரோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். வெளியே வந்ததும் அவன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு மணி ரயிலுண்ணே, கெளம்புங்க, லேட்டாகிரும்" என்றான். தன் பைக்கிலேயே என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான்.

மறுநாள் எனக்கு வாய்த்தவரும் அதே பெண் அதிகாரிதானா என்று தெரியாது. அவரும் சிரித்துத்தான் பேசினார். ஆட்கள் எத்தனை பேர், கிளை எங்கே என்று இரண்டு கேள்வி. பிறகு தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நேற்று என்ன செய்தீர்கள்?"

எங்கள் ஊழியர் ஒருவரின் சொந்த விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது, நான் நேரில் போய் அதை முடித்துவைத்தேன் என்றேன். அவர் தலையசைத்தார். விசா கிடைத்துவிட்டது, வாழ்த்துகள் என்றார். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து ஒரு டீக்கடை வாசலில் நின்று அவனுக்குப் போன் செய்தேன். கிடைத்துவிட்டது என்றேன். என்ன கேட்டார்கள் என்றான். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள் என்றேன்.

"என்ன சொன்னீக?"

சொன்னேன். மறைக்கவில்லை, அப்படியே சொன்னேன்.

"கரெக்டுண்ணே" என்றான். "மேனேஜர் பதில் அதுதான்." பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்பதுபோல், "கீபோர்டு இருக்குற பீரோ சாவிய எங்கண்ணே வச்சிருக்கீக?" என்று கேட்டான்.